அரைக் கட்டை இறக்கிய பெட்டி

எங்கள் நாடகத்துக்கு வாத்தியார் எழுதினார். நான் பெட்டி வாசித்தேன். ஆர்மோனியத்தைத்தான் பெட்டி என்போம். இரண்டு பேரும் பகலில் பட்டு நெய்கிறவர்கள். ஆரணியில் ஒரே தெரு. அவர் வீடு மேற்குக் கடைசி, என் வீடு நடுவில். திருவிழாக் காலத்தில் சுற்று ஊர்களில் எங்கள் நாடகம் நடக்கும். கதை எழுதுவது அவர். ராஜா வேஷம் கட்டுவதும் அவர்.

நான் மூன்றாவது வரை படித்தேன். அவர் எட்டாவது. அவர் எழுதியதை நான் படித்து மெட்டுக் கட்டியதில்லை. அவர் சொல்வார், நான் கேட்பேன். எங்கள் வேலை அப்படித்தான் நடந்தது.

அவருக்கு வரி தறியில்தான் வரும். மிதித்துக்கொண்டே முணுமுணுப்பார். வந்துவிட்டால் ஊடு நூல் ஓட்டுகிற நாடாவை நிறுத்துவார். நோட்டு கிடையாது. கழித்துப் போட்ட ஜக்கார்டு அட்டையில் எழுதுவார். புடவையில் பூ விழுவதற்காக ஓட்டை குத்திய அட்டை அது. ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து எழுதுவார். குறுக்கே ஓட்டை வந்தால் அடுத்த சொல் தள்ளிப் போகும். "அங்க மூச்சு வாங்கிக்கலாம்" என்பார். விளையாட்டாகத்தான் சொல்வார். பாடும்போது அங்கேதான் மூச்சு வாங்குவார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்கு வருவார். முதல் தடவை வரியைப் பேச்சாகச் சொல்வார். கடைக்காரனிடம் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். நான் பெட்டியைத் தொட மாட்டேன். இரண்டாம் தடவை, குரல் தானாக எங்கே ஏறுகிறது என்று பார்ப்பேன். மெட்டும் அங்கேதான் ஏற வேண்டும். மூன்றாம் தடவைதான் துருத்தியை அசைப்பேன். நான் ராகம் படித்தவன் இல்லை. சில ராகம் விரலில் வரும், பேர் தெரியாது.

சண்டையும் வரும். எழுத்தைக் குறைக்கச் சொல்வேன். மெட்டை நீட்டச் சொல்வார். ஒரு ராஜா பாட்டில் உச்சியில் 'நீதி' என்று வைத்தார். ஈ வந்தால் தொண்டை இறுகும், ஆ வந்தால் திறக்கும், மாற்றுங்கள் என்றேன். ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் வந்து, "நியாயம்னு போட்டுக்கடா, உன் பேஜார் தாங்கல" என்றார். அந்த இடத்தில் போன ஊரெல்லாம் கைதட்டினார்கள். கைதட்டும்போது என் பக்கம் ஒரு தடவை திரும்புவார். எனக்கு அது போதும்.

சுருதியைக் கட்டை என்று சொல்வோம். கட்டை ஏற ஏறக் குரலும் உயர வேண்டும். வாத்தியாருக்கு ஐந்து கட்டை. மைக் இல்லாத நாளில் கடைசி வரிசைக்குக் கேட்ட குரல். மைக் வந்த பிறகும் அவர் இறங்கவில்லை. பாட்டு எடுக்கும் முன் என் விரல் எந்தச் சாவியில் இருக்கிறது என்று பார்ப்பார். ஐந்தில் இருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. போளூர் பக்கம் ஓர் ஊரில், உச்சிக்குப் போகும்போது குரல் பிளந்தது. முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டார். ராஜா அழுகிறார் என்று ஜனம் நினைத்தது. எனக்குத் தெரியும். மிருதங்கம் வாசிப்பவருக்கும் தெரியும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஊரிலும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த ஊரில் உச்சிக்கே போகாமல் பாதியில் திரும்பினார்.

நான் ஒரு தடவை கேட்டேன். நாலரை வைத்துக்கொள்ளலாமா என்றேன்.

"நாலரை கட்டை ராஜாவ எந்த ஊர்ல பாத்துகிற நீ?" என்றார். "அதுக்கு நான் மந்திரி வேஷம் கட்டிட்டுப் போறேன்."

கலசப்பாக்கத்தில் ஒரு வைத்தியர் தொண்டைக்கு லேகியம் கொடுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். போய் வாங்கி வந்தார். காலையும் சாயங்காலமும் சாப்பிட்டார். குரல் வரவில்லை. பேச்சும் குறைந்தது. ஆனால் அந்த மாதங்களில்தான் ஏரி நாடகத்தை எழுதினார்.

கதை சொந்தக் கதை. ஒரு ராஜா. பெருமழை. ஏரி நிரம்பி அரண்மனைப் பக்கம் உடையப் போகிறது. ராஜா மறுபக்கக் கரையை வெட்டச் சொல்கிறான். அரண்மனை பிழைக்கிறது. கீழே இருந்த ஊர்கள் போய்விடுகின்றன. கடைசியில் ராஜா கரையில் வந்து நிற்கிறான். அங்கே எப்போதும் எட்டு வரியில் ஒரு பாட்டு இருக்கும். உச்சிக்குப் போய் முடியும். நான் அதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "பாட்டு இல்ல" என்றார்.

ராஜா ஊர்ப் பேர்களை மட்டும் சொல்கிறான். முழுகிப்போன ஊர்கள். ஒவ்வொரு பேராக, மெதுவாக. ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. அழுகை இல்லை, கடவுளைக் கூப்பிடுவது இல்லை. பதினோரு ஊர். நான் ஒரே ஒரு சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு துருத்தியை மட்டும் அசைத்தேன். விரலுக்கு வேறு வேலை இருக்கவில்லை. அவர் முடித்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.

"எப்டி கீது?" என்றார்.

"நல்லா கீதுங்க."

இன்னும் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அவருக்கு வாசித்திருக்கிறேன். அந்த அட்டைக்குச் சமமாக அவர் எழுதியது ஒன்றும் இல்லை. அன்றைக்கே எனக்கு அது தெரிந்தது.

அவர் அட்டையைத் திருப்பி வைத்தார். "பாட முடியாதவன் எழுதினதுடா இது. ஜனம் கண்டுபுடிச்சிடும்" என்றார்.

அந்த வாரம் வாத்தியாரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பேசினார். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, தறியில் உட்கார்ந்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறார், புடவை இறங்கவில்லை என்றார். விடிகாலையில் வாசலில் நின்று மெதுவாகப் பாடிப் பார்க்கிறாராம். குரல் நிற்கும் இடம் வந்ததும் உள்ளே வந்துவிடுகிறாராம்.

"பாட்டு போச்சுன்னா அவுரு வூட்ல இருக்க மாட்டாரு தம்பி. எங்கனா போயிடுவாரு. உன்னால இன்னா முடியுமோ பண்ணு" என்றார்.

நான் பார்க்கிறேன் என்றேன்.

சாவி ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பித்தளை ரீடு இருக்கிறது. அதுதான் ஒலிக்கும். நான் பெட்டியைப் பிரித்தேன். ஒவ்வொரு ரீடையும் கழற்றி, அதற்கு அடுத்த மேல் சாவிக்கு மாற்றிப் போட்டேன். பகல் முழுக்க ஆயிற்று. அப்படி மாற்றினால் பெட்டி மொத்தமும் அரைக் கட்டை இறங்கிவிடும். விரல் ஐந்தில் இருக்கும். ஒலி நாலரையில் இருக்கும். கீழ்க்கடைசிச் சாவிக்கு மட்டும் ரீடு இல்லாமல் போயிற்று. அதை அழுத்தினால் காற்றுதான் வரும். வாசிப்பில் அதைத் தொடுவதில்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஒத்திகையில் வாத்தியார் வழக்கம்போல் என் விரலைப் பார்த்தார். பாடினார். உச்சிக்குப் போகும் முன் கண்ணை மூடிக்கொண்டார். போனார். நின்றார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை பாடினார்.

"கலசப்பாக்கத்தான் கெட்டிக்காரன்டா" என்றார்.

மிருதங்கக்காரர் தன் மிருதங்கத்தைப் பெட்டிக்குச் சேர்க்க வாரைத் தளர்த்த வேண்டியிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்தார். வாத்தியார் வெற்றிலை போட வெளியே போனதும் என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னாப்பா, பெட்டி எறங்கிக்கினு கீது? அதுக்கும் வயசாயிடுச்சா?"

மழைக் காலம் என்றேன். அவர் வெளியே வெயிலைப் பார்த்தார். அப்புறம் வாரைத் தளர்த்திக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் வாத்தியார் புது அட்டையோடு வந்தார். ஏரி நாடகத்தின் கடைசிக்குப் பாட்டு எழுதிவிட்டார். எட்டு வரி. உச்சியில் ஆ. ராஜா கரையைப் பார்த்துக் கதறுகிறான். மெட்டுக் கட்ட எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த மாதிரி மெட்டு விரலில் எப்போதும் இருக்கும்.

பழசும் இருக்கட்டுமே என்றேன். பாட்டுக்கு முன்னால் அந்தப் பேர்களைச் சொல்லலாமே என்றேன்.

"அது சீக்காளி எழுதினதுடா" என்றார்.

மூன்று நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது ஊர்ப் பேர் எழுதின அந்தப் பழைய அட்டை எங்கே என்று கேட்டேன். அடுப்புக்குப் போயிற்று என்றார் அக்கா. அக்கா முகம் நன்றாக இருந்தது. அவர் சாப்பிடுகிறார் என்று சொன்னார்.

ஏரி நாடகம் ஓடியது. கைதட்டல் வந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

குரல் திரும்பிவிட்டது என்று நம்பியதால் அவர் எழுத்து மேலே மேலே போயிற்று. முன்பு ஒரு நாடகத்தில் ஒரு பாட்டுத்தான் உச்சிக்குப் போகும். இப்போது மூன்று. ஒன்றரை வருஷத்தில் நாலரையும் அவருக்குப் போதவில்லை. திரும்பவும் கண்ணை மூட ஆரம்பித்தார். நான் திரும்பவும் பெட்டியைப் பிரித்தேன். இன்னொரு அரைக் கட்டை. விரல் ஐந்து, ஒலி நாலு. இப்போது கீழே இரண்டு சாவி ஊமை. லேகியத்தை இரண்டு வேளையிலிருந்து மூன்று வேளை ஆக்கினார்.

மூன்று வருஷத்தில் நாலு நாடகம் எழுதினார். நாலும் எனக்கு ஒன்று மாதிரிதான் இருந்தது. ராஜா தப்புச் செய்வான், கதறுவான், உச்சியில் முடிப்பான். அவர் வரியைச் சொல்லும்போது குரல் எங்கே ஏறுகிறது என்று நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. முன்கூட்டியே தெரிந்தது. ஒரு நாள் மத்தியானம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் அடுத்த புடவைக்கு வாங்க வேண்டிய சரிகையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் கவனிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அவர் குரல் போகும். சொல்லாவிட்டால் அவர் எழுத்து போகும். இப்படி அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு, இந்த வருஷம் போகட்டும் என்று மட்டும் நினைத்தேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு, ஒரு சித்திரையில் என் மாமனார் முள்ளிப்பட்டில் செத்துப்போனார். காரியம் முடிகிற வரை நான் அங்கேதான் இருக்க வேண்டும். அந்த நாளில் வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்கு நாடகம். தள்ளிப்போட முடியாது. வந்தவாசியில் ஒரு பெட்டிக்காரர் இருந்தார். அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இது காதில் விழுந்ததும், என் பெட்டியை எடுத்துப்போங்கள் என்று ஆள் அனுப்பினேன். அவருக்கு அவர் பெட்டிதான் கை பழக்கம் என்று பதில் வந்தது.

நடந்ததை மிருதங்கக்காரர் வந்து சொன்னார். வாத்தியார் ஐந்து கேட்டாராம். பெட்டிக்காரர் ஐந்து கொடுத்தாராம். நிஜமான ஐந்து. முதல் பாட்டில் வாத்தியார் எப்படியோ தள்ளிக்கொண்டு போனாராம். இரண்டாம் பாட்டில் குரல் பிளந்ததாம். பசங்கள் விசில் அடித்தார்களாம். அப்போது அந்தப் பெட்டிக்காரர் குனிந்து, "வாத்தியாரே, நாலு குடுக்கட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். ஊர் முழுக்கக் கேட்டது. வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு ஐந்திலேயே கடைசிப் பாட்டையும் எடுத்தார். சத்தமே வரவில்லையாம். வாய் மட்டும் திறந்திருந்ததாம்.

"எனுக்கு எல்லாம் தெரியும்பா" என்றார் மிருதங்கக்காரர். "நீ மழைக் காலம்னு சொன்ன அன்னிக்கே தெரியும். நானும் வாயத் தொறக்கல. சொல்றதுன்னா நீதான் சொல்லணும்."

காரியம் முடிந்து நான் ஆரணிக்கு வந்த அன்றைக்கே வாத்தியார் வந்தார். கையில் புது லேகிய டப்பா. முகம் கறுத்திருந்தது. துக்கம் விசாரித்தார். அப்புறம் பெட்டியை எடு என்றார். ஐந்து கொடு என்றார்.

என் விரலை ஐந்தில் வைத்தேன். அவர் பாடினார். வந்தவாசிப் பக்கம் நின்றுபோன அதே பாட்டு. எனக்கு முன்னால் முழுசாகப் பாடினார். உச்சியில் நின்று காட்டினார்.

அப்படியே எழுந்து நின்றுகொண்டார். "பாத்தியா? என் தொண்டையில ஒண்ணும் இல்ல. அவன் வேணும்னே ஏத்திக் குடுத்துகிறான். ஆறு குடுத்துட்டு அஞ்சுன்னு சொல்லிகிறான். அப்பால மைக்ல நாலு குடுக்கட்டாங்கறான். ஊர் சிரிக்கணும்னு."

அந்த ஊர் நாடகக் கமிட்டிக்காரர்களிடம் போய்ச் சொல்லப் போகிறேன் என்றார். வந்தவாசியில் இனி ஒருத்தனும் அவனைக் கூப்பிடக் கூடாது என்றார். டீக்கடையில் இரண்டு பேரிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். செருப்பை மாட்டப் போனார்.

அந்தப் பெட்டிக்காரரை நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒல்லியானவர். அவருக்குத் தறி கிடையாது, நிலம் கிடையாது, பெட்டி மட்டும்தான்.

"அவுரு சரியாத்தான் குடுத்தாருங்க" என்றேன்.

வாத்தியார் நின்றார்.

பெட்டியை அவர் பக்கம் திருப்பினேன். கீழ்க்கடைசிச் சாவியை அழுத்தினேன். காற்று வந்தது. அடுத்ததை அழுத்தினேன். காற்று. அதற்கடுத்தது ஒலித்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் இருபது வருஷம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர். மேல்மூடியைக் கழற்றி ரீடுகளைக் காட்டினேன். எது எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினேன்.

"எத்தினி நாளா?"

"மூணு வருஷம்ங்க."

"வூட்ல தெரியுமா?"

"தெரியாதுங்க. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது."

டப்பாவைக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. திரும்ப ஓடியது.

"மூணு வருஷத்துல நாலு நாடகம்" என்றார். "அதெல்லாம் எவன் தொண்டைக்கு எழுதினேன்?"

நான் கழற்றின மேல்மூடியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த அட்டைய அடுப்புல போட்டனே. அப்பக்கூட நீ சொல்லல."

"சொல்லலிங்க."

"ஊர்ப் பேரு வரும் பாரு. வரிசையா. எனுக்கு இப்ப நாலு பேருதான் ஞாபகம் வருது. உனுக்கு?"

நான் ஐந்து சொன்னேன். தன்னுடைய நாலும் அதில் வந்துவிட்டது என்றார். மிச்சம் ஆறு ஊர்ப் பேர் எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை. சொந்தமாக யோசித்து வைத்த பேர்கள். வேறு எங்கேயும் இல்லாத ஊர்கள். புதுசாக ஆறு பேர் போட்டால் போகிறது என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவருக்கும் அது தோன்றியிருக்கும். அவரும் சொல்லவில்லை.

"ரீட பழையபடி மாத்து" என்றார். "என் எதிர்லயே மாத்து."

அவர் உட்கார்ந்திருந்தார். நான் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். மேலே மிஞ்சிப்போன இரண்டு ரீடும் டப்பியில் இருந்தன. அவற்றையும் போட்டேன். விளக்கு வைக்கும் நேரம் ஆயிற்று. அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. முடிந்ததும் ஐந்து கொடு என்றார். கொடுத்தேன். பாடினார். குரல் நிற்கும் இடம் வந்தது. நின்றது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "டீக்கடையில நான் சொல்லிக்கறேன். வந்தவாசிக்கு நீயே போயி அவன்கிட்ட சொல்லு" என்றார்.

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். அந்தப் பெட்டிக்காரர் வாசலில் உட்கார்ந்து துருத்திக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. ஒட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"நானும் எறக்கித்தான் குடுத்திருப்பேன்" என்றார். "ஆனா அவுருகிட்ட கேட்டுக்கினு குடுத்திருப்பேன். மைக் இருந்தது என் தப்பு. அத சொல்லிடுங்க அவுருகிட்ட."

வந்து சொன்னேன். வாத்தியார் தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் அவர் ராஜா வேஷம் கட்டவில்லை. எந்த வேஷமும் கட்டவில்லை. அக்கா பயந்த மாதிரி வீட்டை விட்டுப் போகவும் இல்லை. தறியில் உட்கார்ந்தார். புடவை இறங்கியது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். யாரும் அவரிடம் விவரமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் முகத்தில் பார்த்திருப்பார்.

ஒரு வருஷம் கழித்துத் திரும்பவும் எழுத ஆரம்பித்தார். முள்ளிப்பட்டில் நெய்கிற ஓர் ஆளுக்கு நல்ல குரல். முப்பது வயது. ராஜா வேஷம் அவருக்கு. வாத்தியார் அவர் குரலுக்கு எழுதுகிறார். நன்றாகத்தான் எழுதுகிறார். கைதட்டல் வரும் இடத்தில் கைதட்டல் வருகிறது. ஏரி நாடகத்தின் கடைசியில் எழுதின மாதிரி ஒன்றை அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. நாடகம் நடக்கும்போது அவர் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார். பெட்டி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக நிற்பார்.

மெட்டுக் கட்ட என் வீட்டுக்குத்தான் வருகிறார். வேறு பெட்டிக்காரனைத் தேடவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. மத்தியானம் வருவார். உட்கார மாட்டார். "பெட்டி இன்னா கட்டையில கீது?" என்று கேட்பார். நான் சொல்வேன். பெட்டியை அழுத்திக் காட்டச் சொல்வார். காட்டுவேன். அந்த ஒலியை வாயில் முனகிக்கொண்டே தெருவில் இறங்கி நாலு வீடு தள்ளி மிருதங்கக்காரர் வீட்டுக்குப் போவார். அவரிடம் ஊதிப் பார்க்கிற சுருதிக்குழல் ஒன்று இருக்கிறது. வாத்தியார் வாங்கிக் கொடுத்தது. ஊதச் சொல்லிச் சேர்த்துப் பார்ப்பார்.

அவர் திரும்பி வருகிற வரை நான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். வந்து உட்காருவார்.

"அஞ்சுதான்" என்பார்.

"சரிங்க" என்பேன்.

அப்புறம்தான் முதல் வரியைச் சொல்வார்.